"வீட்டுப் பணத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிப் படிப்புக்கு நம் தலையில் கடனைக் கட்டிவிடுகிறார்கள்

வீடு வாங்க முன்பணம் சேர்த்துக்கொண்டே இடையில் ஏதாவது படிக்கலாம் என்று நினைப்பவர்கள், சேர்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நானும் கணவரும் ஐந்து வருடமாகச் சேமித்து வந்தோம். வீட்டு விலையில் 20 விழுக்காட்டை நாங்கள் போட்டால் மீதியை வங்கி தரும். அந்த 20-ஐ எட்டக் கொஞ்சம்தான் பாக்கி. சம்பளம் கூடினால் வங்கி தரும் கடனும் கூடுமே என்று ஒரு பயிற்சி நிறுவனத்தில் டேட்டா அனலிடிக்ஸ் படிப்பைப் பற்றி விசாரித்தேன். முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாகக் கட்ட முடியாது, வீட்டுக்கு வைத்திருக்கிறேன் என்றும் சொன்னேன்.

"அந்தப் பணத்தை ஏன் மேடம் தொடணும்? அது அப்படியே இருக்கட்டும். மாசாமாசம் கட்டுங்க, வட்டியே கிடையாது" என்றார் ஆலோசகர். என் மனதில் இருந்ததையே அவர் சொன்னதால் அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றவில்லை. போனில் பேசிக்கொண்டே ஒரு இணைப்பு அனுப்பினார். ஓடிபி வந்தது, சொன்னேன். இன்னொன்று வந்தது, அதையும் சொன்னேன். நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒப்பந்தம் அன்று இரவுதான் மின்னஞ்சலில் வந்தது, 31 பக்கம். வகுப்பில் சேர்ந்த மகிழ்ச்சியில் நான் அதைத் திறக்கவே இல்லை.

நான் தவணை கட்டியது பயிற்சி நிறுவனத்துக்கு அல்ல என்பது பிறகுதான் புரிந்தது. என் பெயரில் வேறொரு கடன் நிறுவனம் தனிநபர் கடன் கொடுத்து, முழுத் தொகையையும் பயிற்சி நிறுவனத்திடம் அன்றே சேர்த்துவிட்டது. வட்டி இல்லை என்றதும் பொய். ஒப்பந்தத்தில் 12 விழுக்காடு என்று இருந்தது. அதுவும் ஃபிளாட் வட்டி. அதாவது, மாதாமாதம் அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுவார்கள். 24 மாதத் தவணையில் அதை வீட்டுக் கடன்போலக் குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 21.5 விழுக்காடு வருகிறது.

வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரடி வகுப்பு என்றார்கள், இரண்டாவது வாரத்திலிருந்து பழைய காணொளிகள்தான். ஆறாவது வாரம் விலகுவதாக எழுதினேன். "சரி மேடம், ரத்து பண்ணிடுறோம், இனிமே தவணை கட்ட வேண்டாம்" என்று போனில் சொன்னார்கள். நம்பி, கணக்கிலிருந்து தவணை எடுக்கப்படுவதை நிறுத்தினேன். கடன் நிறுவனத்துக்கு யாருமே எதுவும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு தவணை தவறியது. அபராதத்தோடு மிரட்டல் அழைப்புகள் வந்த பிறகுதான் தெரிந்தது. பயிற்சி நிறுவனமோ, முதல் ஏழு நாளுக்குள் கேட்டிருந்தால்தான் பணம் திரும்பும் என்று கைவிரித்துவிட்டது.

அப்புறம் பிடித்த மாதிரி ஒரு வீடு அமைந்தது. வங்கி அதிகாரி என் கடன் வரலாறு இருந்த திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயருக்குக் கீழே ஒரு தனிநபர் கடன், அதன் வரிசையில் மற்ற மாதங்களுக்கு நடுவே, தவணை தவறிய இரண்டு மாதங்களின் கட்டங்கள் மட்டும் சிவப்பு. "இது என்னம்மா?" என்று கேட்டார். நான் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கணக்கையும் சொன்னார். வேறு கடனுக்குத் தவணை கட்டினால், அந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் வீட்டுக் கடனுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று பார்ப்பார்களாம். 20 வருடம், 8.5 விழுக்காடு வட்டி என்றால், மாதத் தவணையைப்போல ஏறக்குறைய 115 மடங்கு கடன் கிடைக்கும். அப்படியானால் என் படிப்புத் தவணையைப்போல 115 மடங்கு எங்கள் வீட்டுக் கடனில் குறைகிறது! சேமிப்பிலிருந்து எடுத்து அடைக்கலாம் என்றால் முன்பணம் 20-க்குக் கீழே இறங்கும். அடைத்தாலும் அந்த இரண்டு சிவப்புக் கட்டங்களும் உடனே மறையாது. வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதுதான்.

படிக்கக் கடன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓடிபி சொல்வதற்கு முன்னால் ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லுங்கள். கடன் தருவது யார், மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற இரண்டையும் அதில் தேடிப் பாருங்கள். அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடுங்கள். விலக நேர்ந்தால், கடன் முடிந்தது என்று கடன் நிறுவனமே எழுத்தில் தரும்வரை தவணையை நிறுத்தாதீர்கள், பயிற்சி நிறுவனம் என்ன சொன்னாலும் சரி. வீட்டுக் கடனுக்கு ஓரிரு வருடத்துக்குள் போகப்போகிறீர்கள் என்றால், முதலில் வங்கியில் போய் இந்தத் தவணையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

நாங்கள் பார்த்த வீட்டில் வேறு யாரோ குடியேறிவிட்டார்கள். எனக்கு இன்னும் 7 தவணை பாக்கி இருக்கிறது.