ஜார்க் விளையாட எந்தச் செயலி? லெக்ட்ரோட், கார்காயில், ஃப்ராட்ஸ்

கட்டளைகளைத் தட்டச்சு செய்து ஆடும் எழுத்துச் சாகச விளையாட்டு ஜார்க். 1980-இல் வீட்டுக் கணினிகளுக்கு வந்த அதன் முதல் பாகத்தின் கோப்பு நூறு கிலோபைட்டைக்கூடத் தொடாது. அதே கோப்பு இன்றைய மடிக்கணினியிலும் ஓடுகிறது என்றால், அதற்கு அதை உருவாக்கிய இன்ஃபோகாம் நிறுவனத்தின் முன்யோசனையே காரணம். ஒவ்வொரு கணினிக்கும் விளையாட்டைத் தனித்தனியே எழுதாமல், இஜட்-மெஷின் என்ற கற்பனைக் கணினியை வகுத்து, அதற்காக மட்டும் எழுதினார்கள். அந்தக் கற்பனைக் கணினியைப் போல நடந்துகொள்ளும் ஒரு செயலி இருந்தால் போதும். இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் பரிந்துரை லெக்ட்ரோட். ஆண்ட்ரூ பிளாட்கின் எழுதியது. இஜட்-மெஷினின் அளவு வரம்புகளைத் தாண்டப் பிறந்த க்ளல்க்ஸ் என்ற விளையாட்டுக் கோப்பு வடிவத்தை உருவாக்கியவரும் அவரே. ஜார்க்கையோ க்ளல்க்ஸ் விளையாட்டையோ பாதியில் மூடிவிட்டுப் போனாலும், அடுத்த முறை திறக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். வரைபடம் போட்டுக்கொண்டு வாரக்கணக்கில் ஆடுகிற விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. ஆனால் அது காப்பது கடைசி நிலையை மட்டும்தான். பாதாளத்தில் விளக்கின் மின்கலம் தீர்ந்து, இருட்டில் க்ரூ என்ற ஆளைத் தின்னும் மிருகம் காத்திருக்கும் கட்டத்தில் மூடினால், திறக்கும்போதும் அதே இருட்டுதான். ஆகவே ‘சேவ்’ கட்டளையை மறந்துவிடக் கூடாது.

லெக்ட்ரோட் உள்ளே ஒரு முழு உலாவியைச் சுமந்து வருகிறது. நூறு கிலோபைட் விளையாட்டுக்கு இவ்வளவு பெரிய செயலியா என்று எரிச்சல் வருவது நியாயம்தான். பெரிய க்ளல்க்ஸ் விளையாட்டுகளில் கட்டளைக்கும் பதிலுக்கும் இடையே சிறு தாமதமும் தெரியும்.

வேகமும் அச்சழகும் வேண்டுமென்றால் கார்காயில்தான். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி, மேற்கோள் குறிகளின் வளைவு, ஓரங்களின் அகலம் எல்லாவற்றையும் புத்தகம் அச்சிடுபவரின் அக்கறையோடு கவனித்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் படிக்க வேண்டிய விளையாட்டில் இது ஆடம்பரமல்ல. மேக்னெட்டிக் ஸ்க்ரோல்ஸ், லெவல் 9 போன்ற பிரிட்டிஷ் நிறுவனங்களின் விளையாட்டுகளும் இதில் ஓடும். டாட்ஸ், ஹ்யூகோ, அட்ரிஃப்ட் ஆகிய மற்ற எழுத்து விளையாட்டு வடிவங்களும் அப்படியே. பழைய சேகரிப்பு கைவசம் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம். அமைப்புகளை மாற்ற ஓர் உரைக் கோப்பைத் திறந்து திருத்த வேண்டியிருப்பது மட்டும் புதியவர்களைத் தயங்க வைக்கும்.

கார்காயிலில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது வேறு. அது எழுத்துகளைத் திரையில் படமாகத் தீட்டுவதால், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களால் அவற்றை எளிதில் படிக்க முடிவதில்லை. எழுத்துச் சாகச விளையாட்டுகளை நெடுங்காலமாக நேசித்து ஆடிவருபவர்களில் பார்வையற்றோரும் உண்டு. அவர்களுக்கு லெக்ட்ரோட்டின் உலாவி அடித்தளம் வரம்.

தமிழுக்கும் அதே அடித்தளம் கைகொடுக்கிறது. க்ளல்க்ஸ் யூனிகோடை ஏற்பதால் அதில் தமிழ் வாக்கியங்களைக் காட்ட முடியும். ‘கொ’ என்ற எழுத்தில் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து அமர, எழுத்துகளைக் கோத்து அடுக்கும் நுட்பம் தேவை. உலாவிகள் அதைச் சரியாகச் செய்கின்றன. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரையும் கார்காயிலை நம்பித் தமிழில் விளையாட்டு எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃப்ராட்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1990-களில் இருந்து இருப்பது, முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் வெறும் எழுத்துத் திரையில் ஓடுவது, மிகச் சிறியது. தொலைவிலுள்ள கணினியில் நுழைந்துகூட ஆடலாம். இஜட்-மெஷின் கோப்புகளைத் தவிர வேறெதையும் அது தொடாது. முனையத்திலேயே வாழ்பவர்களுக்கு அது போதும். விண்டோஸில் சாளரமும் பட்டியல்களும் வேண்டுபவர்களுக்கு விண்டோஸ் ஃப்ராட்ஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஜார்க் ஜீரோ போன்ற படங்களுள்ள இன்ஃபோகாம் விளையாட்டுகளை ஆட விரும்பினால் அதையே நிறுவுங்கள்.