கொலம்பியா ஆற்றில் எதை எடுத்துக்கொண்டு இறங்குவது: கைட்டா, விண்ட்சர்ஃபா, விங்கா?

அமெரிக்காவில் ஓரிகனுக்கும் வாஷிங்டன் மாநிலத்துக்கும் எல்லையாக ஓடும் கொலம்பியா ஆறு, கேஸ்கேட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு மேற்கே பசிபிக் கடலுக்குப் போகிறது. கோடையில் மலைக்குக் கிழக்கே இருக்கும் வறண்ட நிலம் கொதிக்கும். கடல் பக்கத்துக் குளிர்ந்த காற்று அந்த இடுக்கு வழியாகக் கிழக்கே பாயும். ஆறு ஒரு பக்கம் இழுக்க, காற்று எதிர்ப்பக்கம் தள்ளும். ஹூட் ரிவர் ஊருக்கு இத்தனை பேர் பலகையும் கையுமாக வருவது இதற்காகத்தான். கைட் என்றால் நீளமான கயிறுகளில் பறக்கும் பெரிய காற்றாடி பலகையில் நிற்பவரை இழுக்கும்; விண்ட்சர்ஃபில் பாய் பலகையிலேயே கம்பத்தோடு பொருத்தியிருக்கும்; விங் என்பது கையில் பிடிக்கும் காற்றடைத்த இறக்கை. எதில் ஏறுவது என்று முடிவு செய்யவும் இந்தக் காற்றையும் நீரோட்டத்தையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடலில் கைட்சர்ஃபிங் கற்றவர்களுக்கு ஒரு கஷ்டம் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறை விழும்போதும் காற்று நம்மைத் தான் போகும் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். அப்புறம் பலகையைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடந்து திரும்ப வேண்டும். கொலம்பியாவில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும்போது நீரோட்டமே நம்மைக் காற்று வரும் திசைக்கு ஏற்றிவிடுகிறது. மூன்று விளையாட்டுக்கும் இது உதவிதான். ஆனாலும் அதிகம் பயன்பெறுவது கைட் கற்கும் புதியவர். போதாக்குறைக்கு மணல்திட்டு வேறு இருக்கிறது. 2006 நவம்பர் வெள்ளத்தில் ஹூட் மலையிலிருந்து அடித்து வரப்பட்ட மண்ணும் கல்லும் ஹூட் என்ற துணையாறு கொலம்பியாவில் கலக்கும் இடத்தில் குவிந்து அந்தத் திட்டைப் பெரிதாக்கிவிட்டன. இருபது மீட்டருக்கு மேல் நீளும் கயிறுகளை விரித்து கைட்டை ஏற்ற அவ்வளவு அகலமான இடம் தேவை. சுற்றிலும் தண்ணீர் ஆழமில்லை. விழுந்தால் எழுந்து நிற்கலாம்.

விண்ட்சர்ஃபுக்கு இந்தத் தாராளம் வேண்டாம். எதிர்க்கரையில் மீன் பண்ணைக்குப் பக்கத்தில் இருக்கிற, எல்லோரும் ‘ஹேச்சரி’ என்றே அழைக்கும் இடம் கைட் ஏற்றத் தோதுப்படாத குறுகிய பாறைக்கரை. ஆனால் காற்றும் நீரோட்டமும் முட்டிக்கொள்வதால் அங்கே எழும் அலைகள் பிரமாதமானவை. 1980களில் உலகம் முழுவதிலுமிருந்து ஆட்களை இந்த ஆற்றுக்கு இழுத்து வந்தது விண்ட்சர்ஃப்தான். அதற்கு விலையும் உண்டு: நான்கைந்து பாய், கம்பம், இரண்டு பலகை என்று ஒரு வேன் நிறையச் சாமான். கற்கவும் அதிக நாள் பிடிக்கும்.

எனக்குக் கைட் மேல்தான் ஆசை. 1990களின் தொடக்கத்தில் பில், கோரி ரோஸ்லர் என்ற தந்தையும் மகனும் நீர்ச்சறுக்குப் பலகையையும் கைட்டையும் இணைத்து ஓட்டிக் காட்டிய ஆறு இது. ஒரு முதுகுப்பையில் எல்லாம் அடங்கிவிடும். இருந்தும் ஒரு விஷயத்தில் கைட் மற்ற இரண்டிடமும் தோற்றுப்போகிறது என்பதை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஆற்றின் நடுவே கப்பல் வழி இருக்கிறது. கோதுமை ஏற்றிய பார்ஜுகள், அதாவது தட்டையான பெரிய சரக்குப் படகுகள், வரும். அவற்றால் சட்டென்று நிற்கவோ திரும்பவோ முடியாது. மலை இடுக்குக் காற்று சீராக அடிக்காது. ஓங்கி அடிக்கும், திடீரென்று தொய்யும். அந்த நேரம் கைட் தண்ணீரில் விழுந்தால் கயிறுகளைச் சுருட்டி, துணியை மடக்கி, நீந்தித்தான் கரை சேர வேண்டும். இதுவரை நண்பனாக இருந்த நீரோட்டம் அதற்குள் நம்மை மேற்கே கொண்டுபோய்க்கொண்டிருக்கும். வசந்த காலத்தில் பனி உருகிய தண்ணீர் வேறு. உடம்புச் சூட்டைக் காக்கும் வெட்சூட் உடை இல்லாமல் இறங்கவே கூடாது. விண்ட்சர்ஃப் ஆள் பலகை மேல் படுத்துக் கையால் துழாவி வந்துவிடுவார். விங் ஆளும் அப்படியே.  விங்கில் நீளமான கயிறு கிடையாது, சிக்கலும் கிடையாது.

விங்குக்கு எதிரி ஆழமின்மை. பலகையைத் தண்ணீருக்கு மேலே தூக்க அதன் அடியில் நீண்டிருக்கும் ஃபாயில் முக்கால் மீட்டர், சில சமயம் அதற்கும் மேல் இறங்கும். மணல்திட்டை ஒட்டிப் போனால் தரையில் குத்தி ஆளைத் தூக்கி முன்னால் எறியும். கோடைக் கடைசியில் நீர்க்களை வேறு சுற்றிக்கொள்ளும். கைட்டுக்குச் சொர்க்கமான அதே இடம் விங்குக்கு ஆகாது.

ஆகவே புதியவருக்கு என் பரிந்துரை: மணல்திட்டில், பயிற்சியாளரோடு, காற்று முறுக்கேறுவதற்கு முன்னால் காலையில் கைட். கப்பல் வழியைத் தாண்டி மறுகரைக்குப் போகும் ஆசையை, விழுந்த கைட்டைத் திரும்ப எழுப்புவது கைவந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். அதற்குமுன் நடு ஆறு வேண்டும் என்றால் விங் கற்றுக்கொள்ளுங்கள். அலைதான் வேண்டும், பல வருஷம் உழைக்கத் தயார் என்பவருக்கு விண்ட்சர்ஃப்.

கிளம்புமுன் ஆற்றின் நீர்மட்டத்தையும் பாருங்கள். கீழே பான்வில் அணையில் தண்ணீர் தேங்கினால் இங்கே மணல்திட்டு சுருங்கிவிடும். கைட் விரிக்க இடத்துக்கு நெருக்கியடிக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நாளில் நான் கைட்டை வண்டியிலேயே விட்டுவிட்டு விங்கை எடுப்பேன். ஃபாயிலுக்கு வேண்டிய ஆழம் அன்று கூடுதலாகவே கிடைக்கும்.