வீடா, படைப்பகமா, நூலகமா: எங்கே உட்கார்ந்தால் வேலை ஓடுகிறது?

"வீட்லதானே இருக்கே, சிலிண்டர் வந்தா வாங்கி வெச்சிடு." சென்னை பெரம்பூர் வீட்டில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கத் தொடங்கி நான்கு வருடமாகிறது. அம்மா இதைச் சொல்லாத வாரம் கிடையாது.

ஆபீசில் இருந்தவரை, வேலை செய்ய மனசு வருகிறதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை. ஒன்பதரைக்கு ஒரு நாற்காலி காத்திருந்தது. கடிகாரத்தைப் பார்க்க ஒரு டீம் லீடர் இருந்தார். ஃப்ரீலான்ஸ் என்று வந்தபிறகு காத்திருக்க யாருமில்லை, உற்சாகமும் அதோடு போச்சு. அதனால் இந்த ஒப்பீட்டில் வைஃபை வேகத்துக்கோ காபிக்கோ மார்க் போடவில்லை. எந்த இடத்தில் யாராவது, எதுவாவது நமக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

வீட்டுக்குச் சாதகமாக எல்லோரும் சொல்வது, செலவில்லை என்பது. மே மாதத்தில் அது செல்லாது. ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சுமார் ஒரு யூனிட் இழுக்கும். தினம் எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 400 யூனிட் கூடுதல். முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம்தான். ஆனால் மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டால் விலைப்பட்டியலே மாறி, கீழ்ப்படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறும். போன கோடையில் பில் மெசேஜ் வந்த அன்றே அப்பா ஏசி ரிமோட்டை பீரோவுக்குள் வைத்துவிட்டார். போதாததற்கு, பராமரிப்புப் பணி என்று காலை 9 முதல் 2 வரை கரண்ட் இல்லாத நாள் வேறு வரும்.

இருந்தாலும் வீட்டை ஒரேயடியாகத் தள்ள முடியாது. நாளைக் காலை அனுப்பியாக வேண்டிய வேலை என்றால் இதைவிட நல்ல இடமில்லை. டெட்லைனே வாசலில் வந்து உட்கார்ந்திருக்கும், நாம் தானாக ஓடுவோம். அடுத்த மாதம் கொடுக்க வேண்டிய வேலைதான் வீட்டில் நகரவே நகராது.

அந்த மாதிரி வேலைக்கு எனக்குக் கைகொடுத்தது கொளத்தூர் முதல்வர் படைப்பகம், அதாவது கட்டணம் கட்டி உட்கார்ந்து வேலை பார்க்க அரசு அமைத்த பொதுப் பணியிடம். 2024 நவம்பரில் திறந்தது. இப்போது நகரில் வேறு சில இடங்களிலும் வந்திருக்கிறது. கொளத்தூரில் திறந்தபோது வைத்த கட்டணம் அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100, மாதத்துக்கு 2,500. அரை நாள் கட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு நாள் ஏசி கணக்கை வைத்துப் பாருங்கள், பெரிய வித்தியாசம் இருக்காது.

இதில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது, அரை நாள்தான் சரி. முழு நாளுக்குப் பணம் கட்டினால் மத்தியானம்வரை பேப்பர் படிக்கிறேன். அரை நாள் என்றால், கொடுத்த ஐம்பது ரூபாய் பக்கத்தில் நின்று முறைக்கிறது. மாதக் கட்டணம் பார்க்க மலிவாகத் தெரியும். வகுத்துப் பார்த்தால் 25 முழு நாள் போனால்தான் சரிக்குச் சரி. மாதக் கட்டணம் கட்டிய மாதம் நான் போனது பதினோரு நாள். குறை என்றால் போன்தான். கிளையண்ட் அழைத்தால் நடந்துகொண்டே கத்திப் பேச முடியாது. எனக்குக் கத்தாமல் பேச வராது.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-லிருந்து இருக்கிறது, உள்ளே உட்காரக் காசு வேண்டாம். சொந்தப் புத்தகத்தோடு வந்து படிப்பவர்களுக்கே ஒரு தனிப் பிரிவு உண்டு. டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் நான்கு மணி நேரம் தலை நிமிராமல் இருக்கும்போது ரீல்ஸ் பார்க்கக் கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் எந்த மேனேஜரைவிடவும் நன்றாக வேலை வாங்குகிறது. எனக்குத் தூரம்தான் இடைஞ்சல்: சென்ட்ரல்வரை மின்சார ரயில், எதிரே பார்க் டவுனில் பறக்கும் ரயில். அடையாறிலோ சைதாப்பேட்டையிலோ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே எழுதியிருக்க மாட்டேன்.

காபி ஷாப்பா? இரண்டாவது கப் வாங்கச் சொல்லி சர்வர் பார்க்கும் பார்வையும் ஒருவகைக் காத்திருப்புதான், ஆனால் எழுந்து போவதற்கானது.

இடம் மாறாமலே ஒரு வழி உண்டு. இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரில்லோவின் பொமோடோரோ முறை: 25 நிமிடம் வேலை, சின்ன இடைவேளை. பொமோடோரோ என்றால் அவர்கள் மொழியில் தக்காளி; அவர் வைத்திருந்த சமையலறை டைமர் அந்த வடிவம். என் போனில் அந்தத் தக்காளி ஒரு வாரம் கூவியது, பிறகு நானே அணைத்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தாம்பரத்தில் இருக்கும் டிசைனர் நண்பன் கேட்பான். காலை பத்துக்கு "இன்னிக்கு எட்டுப் பக்கம்" என்று வாய்ஸ் நோட் போடுவேன், ஆறு மணிக்கு "முடிஞ்சுதா?" என்று ஒரே வார்த்தை வரும். பைசா செலவில்லாத இந்த ஏற்பாட்டைத்தான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். ஒரே ஆபத்து, இந்தியா மேட்ச் நாளில் இருவரும் சேர்ந்தே மட்டம் போடுவது.

இப்போது திங்கள், புதன், வெள்ளி காலை கொளத்தூர். மற்ற நாளெல்லாம் வீடும் நண்பனின் வாய்ஸ் நோட்டும். சிலிண்டர் விஷயத்தை அம்மா எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைக்கிறார்: "கொஞ்சம் பாத்துக்கோம்மா, பையன் ஆபீஸ் போயிருக்கான்."