பெட்ரோல் முள்ளா, கிலோமீட்டர் எண்ணா?

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கும்போது, மீதிப் பெட்ரோலில் 'இன்னும் 90 கி.மீ. ஓடும்' என்று காட்டிய கார் திரை, அடிவாரத்தில் 150 என்றது. டேங்கில் ஒரு சொட்டும் கூடவில்லை. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து கியரிலேயே விட்டால் இன்ஜின் பெட்ரோலை ஏறக்குறைய குடிப்பதே இல்லை. சற்றுமுன் ஓடிய தூரத்தின் சராசரி மைலேஜை வைத்தே திரை மீதித் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஏற்றத்தில் இதே எண் கண்முன்னே சரியும்.

முள்ளும் உத்தமமில்லை. டேங்குக்குள் மிதக்கும் ஒரு மிதவைதான் அதை ஆட்டுகிறது. வண்டி சாய்ந்தால் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கி அளவு மாறும். டேங்க் ஒழுங்கான பெட்டி வடிவில் இல்லாததால் பல வண்டிகளில் முதல் பாதி மெதுவாகவும் அடுத்த பாதி வேகமாகவும் இறங்கும். ஆனாலும் முள், டேங்கில் இப்போது இருப்பதைக் காட்டப் பார்க்கிறது. எண்ணோ அதே மிதவையின் பிழையோடு எதிர்காலத்தையும் ஊகிக்கிறது.

ஒரே வேகத்தில் போகும் நான்குவழிச் சாலையில் எண்ணை நம்பலாம். மலையிலும் நகர நெரிசலிலும் எனக்கு முள்தான். அதற்கும் மேலாக நான் நம்புவது, ஓடிய தூரத்தைப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் ட்ரிப் மீட்டரை: டேங்கை நிரப்பியதும் அதைப் பூஜ்ஜியமாக்குவேன். 35 லிட்டர் டேங்க், மோசமான மைலேஜ் 15 என்றால் 525 கி.மீ.; நான் 400-லேயே பங்க் தேடுவேன். எச்சரிக்கை விளக்கு எரிந்தபின் ஓட்டுவதை அறவே தவிர்க்கிறேன். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான்.