மணல் மூட்டையா, பனிக்கால டயரா?

கனடாவின் மொன்ட்ரியாலுக்கு வேலைக்குப் போன என் தம்பி, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறான். பனியில் பின்பக்கம் வழுக்கி வால் ஆட்டுகிறதாம். சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்து வீடியோ காலில் யோசனை சொன்னோம். பனியைப் பார்க்காவிட்டால் என்ன, மழையில் காலி லாரி வழுக்குவதைப் பார்த்திருக்கிறோமே!

மாமாவின் கட்சி மணல் மூட்டை. எஞ்சின் முன்னால் இருப்பதால் காலி வண்டியின் பின்சக்கரத்தில் எடை குறைவு. பின் அச்சுக்கு மேலே 100 கிலோ போல வைத்தால் கிளம்பும்போது பிடிப்பு கிடைக்கும். மாட்டிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தடியில் தூவலாம். செலவும் சொற்பம். ஆனால் இறுக்கிக் கட்டாவிட்டால், பிரேக் அடிக்கும்போது மூட்டை முன்னால் பாயும். நிற்பதற்கும் வளைவதற்கும் பெரிய உதவி கிடையாது.

நான் டயர் பக்கம். சுமார் 7 டிகிரிக்குக் கீழே சாதாரணக் கோடை டயரின் ரப்பர் இறுகிவிடும். பனிக்கால டயர் மென்மையாகவே இருக்கும். அதன் மேலுள்ள மெல்லிய கீறல்கள் பனியைக் கவ்வும். கிளம்ப, திரும்ப, நிற்க, மூன்றுக்கும் உதவும். நான்கு சக்கரத்துக்கும் போட வேண்டும். பின்னால் மட்டும் போட்டால் திருப்பத்தில் முன்பக்கம் நேராக ஓடும். விலைதான் கடிக்கும்.

அப்புறம்தான் தெரிந்தது, மொன்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். மாமா விடவில்லை: "சரி, டயரைப் போடு, மூட்டையையும் ஏற்று."