ஆஸ்பென் மரத்தடியில் பால் வடியும் வெள்ளைக் காளான்: ஓர் ஒப்பீடு

ஆஸ்பென் மரங்களுக்கு அருகே தரையைப் பிளந்துகொண்டு எழும் பெரிய வெண்ணிறக் காளானைக் கீறியதும் வெண்பால் கசிந்தால், முதலில் கருத வேண்டிய இனம் லாக்டேரியஸ் கான்ட்ரோவர்சஸ். 1800ஆம் ஆண்டில் காளானியல் அறிஞர் பெர்சூன் விவரித்த இவ்வினம், ஆஸ்பென் உள்ளிட்ட பாப்லர் மரங்களின் வேர்களோடும் வில்லோவின் வேர்களோடும் கூட்டுறவு கொண்டு வாழ்கிறது. ஆயினும் மரத்தை மட்டும் சான்றாக வைத்துப் பெயரை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. பூமியின் வடபகுதிக் காடுகளில் ஆஸ்பெனும் பிர்ச்சும் பல இடங்களில் கலந்தே நிற்கின்றன. தவிர, ஆஸ்பெனின் வேர்கள் தாய்மரத்திலிருந்து பல மீட்டர் தொலைவு வரை ஓடுவதால், காளானுக்கு மிக அருகில் இருக்கும் மரமே அதன் துணைமரம் என்று கொள்வதற்கில்லை.

மரத்தைவிட உறுதியான சான்று குடையின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. கான்ட்ரோவர்சஸின் செவுள்கள், அதாவது குடைக்கு அடியில் வரிசையாக அமைந்த மெல்லிய தகடுகள், நெருக்கமானவை. இளமையில் வெளிறிய பாலேட்டு நிறத்தில் தொடங்கி, முதிரும்போது தெளிவான இளஞ்சிவப்பாக மாறுகின்றன. லாக்டிஃப்ளூஸ் பைப்பரேட்டஸ், லாக்டிஃப்ளூஸ் வெல்லெரியஸ் ஆகிய வெண்ணிறப் போட்டியாளர்களிடம் இந்த இளஞ்சிவப்பு இல்லை. முன்னதன் செவுள்கள் வெண்மையாகவும் மிக மிக நெருக்கமாகவும் இருக்கும். பின்னதன் செவுள்கள் இடைவெளி விட்டு அமைந்தவை, குடையின் மேற்பரப்போ முழுவதும் மென்பட்டுப் போலத் தொடுகைக்குப் படும். இவ்விரண்டும் பெரும்பாலும் பீச், ஓக் போன்ற மரங்களோடு வளர்பவை. ருசுலா டெலிகா என்ற வேறொரு வெண்காளானும் இதே தோற்றத்தில் ஏமாற்றக்கூடியது; அதில் பால் வடிவதே இல்லை. ஆனால் வறண்ட வானிலையில் முதிர்ந்துபோன, பால் வடியும் இனக் காளானிலும் பால் வற்றியிருக்கும் என்பதால், பால் வராததை மட்டும் கொண்டு ருசுலா என்று எழுதிவிடக் கூடாது.

உண்மையான சிக்கல் பிர்ச்சோடு வாழும் இரண்டு இனங்களால்தான் எழுகிறது. லாக்டேரியஸ் டோர்மினோசஸ், லாக்டேரியஸ் ப்யூபெசென்ஸ் ஆகிய இரண்டின் செவுள்களிலும் இளஞ்சிவப்புச் சாயல் உண்டு. டோர்மினோசஸை அதன் குடை காட்டிக்கொடுத்துவிடும்: இளஞ்சிவப்பு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்க, உட்சுருண்ட விளிம்பில் கம்பளி இழைகள் அடர்ந்து தொங்கும். ப்யூபெசென்ஸ் அவ்வளவு எளிதன்று. அதன் குடை வெளிறியது, விளிம்பின் இழைகளும் குட்டையானவை. கான்ட்ரோவர்சஸின் இளங்குடை விளிம்பிலும் மெல்லிய பஞ்சுத்தன்மை இருக்கக்கூடும். இங்கே ஒரு குறியை நம்பாமல் பலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ப்யூபெசென்ஸின் குடை பொதுவாக 10 செ.மீ.க்குள் அடங்கிவிட, கான்ட்ரோவர்சஸ் 20 செ.மீ.யையும் தாண்டக்கூடியது, அதன் குடையில் ஒயின் சிவப்புத் திட்டுகள் சிதறியோ வளையமாகவோ படர்ந்திருக்கும், ஈரத்தில் பிசுபிசுப்பதால் மண்ணும் சருகும் ஒட்டியிருக்கும், காம்பு குட்டையாகவும் தடித்தும் இருக்கும்.

நாவில் வைத்துச் சுவை பார்க்கும் சோதனை இந்த ஒப்பீட்டில் பயன்படாது. மேலே சொன்ன பால் வடியும் இனங்கள் அனைத்தும் காரமானவையே. பாலின் நிறமும் அப்படித்தான்: கான்ட்ரோவர்சஸிலும் பிர்ச் இனங்கள் இரண்டிலும் அது வெண்மை.

உண்பது பற்றிய கேள்வி தனி. செர்பியாவிலும் துருக்கியிலும் கான்ட்ரோவர்சஸைச் சேகரித்து உண்கிறார்கள்; வேறு பல நாடுகளின் கையேடுகள் அதை உண்ணத் தகாததாகவே வைத்திருக்கின்றன. டோர்மினோசஸைப் பச்சையாகத் தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், ஆனால் பின்லாந்தில் வேகவைத்து நீரை வடித்த பின் அதை உண்ணும் வழக்கம் உண்டு. எழுத்தில் படித்த குறிகளை வைத்து எந்தக் காட்டுக் காளானையும் சமைக்கக் கூடாது; இனம் காண விரும்புபவர், செவுள்கள் இன்னும் நிறம் கொள்ளாத இளங்காளானோடு முதிர்ந்த ஒன்றையும் அடிக்காம்பு சிதையாமல் தோண்டி எடுத்து, சுற்றியுள்ள எல்லா மரங்களின் பெயர்களையும் குறித்துக்கொண்டு, அறிந்த வல்லுநரிடம் காட்டுவதே முறை.