தர்மபுரி ஞாயிற்றுக்கிழமை நீட் டியூஷன்: உயிரியலுக்குப் போகலாம், மற்றதற்கு யோசியுங்கள்

தங்கச்சியைச் சேர்க்கலாமா என்று பார்க்க, பென்னாகரம் ரோடு பக்கம் இருக்கும் ஒரு டியூஷனில் டெமோ கிளாஸ் கேட்டேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம்.

அன்றைக்கு லாக் ஓபரான், அதாவது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையைப் பயன்படுத்த பாக்டீரியா வைத்திருக்கும் மூன்று ஜீன்களும் அவற்றைத் திறந்து மூடும் சுவிட்சும். ஜேக்கப், மோனோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1961-ல் சொன்னது, 1965-ல் நோபல் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, சார் தரையில் சாக்பீஸால் டிஎன்ஏ கோடு போட்டார். ஜீன்களை அடைத்து வைக்கும் ரெப்ரஸர் நாலு துணை அலகு சேர்ந்த புரதம் என்பதால் நாலு பையன்கள் கைகோத்து, அது ஒட்டும் இடமான ஆபரேட்டர் மேல் நின்றார்கள், ஜீனைப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸாக வந்த பெண் போக வழியில்லாமல் அவர்களை முறைத்தாள். லாக்டோஸிலிருந்து உருவாகும் அல்லோலாக்டோஸின் பெயர் எழுதிய துண்டுச்சீட்டைக் கையில் திணித்ததும் பையன்கள் விலக, அவள் மூன்று ஜீனையும் ஒரே மூச்சில் கடந்து சுவர் வரை போனாள்.

அப்புறம்தான் விஷயமே. “சார், லாக்டோஸை உள்ளே விடும் பெர்மியேஸே இந்த ஓபரான்லதானே வருது, அடைச்சிருந்தா முதல் லாக்டோஸ் எப்படி உள்ளே வரும்?” என்று ஒரு பொண்ணு கேட்டாள். சிலபஸில் இல்லை என்று மழுப்பாமல் பதில் சொன்னார்: ரெப்ரஸர் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்காது, அவ்வப்போது நழுவும், அந்த இடைவெளியில் நடக்கும் கொஞ்சம் படியெடுத்தலில் கிடைக்கிற சில பெர்மியேஸும் லாக்டோஸை உடைக்கும் பீட்டா கேலக்டோசிடேஸும் போதும், மீதி தானாகத் தொடங்கிவிடும். ரெப்ரஸர் விலகினால் மட்டும் வேகம் வராது, குளுக்கோஸ் குறைந்து சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறு கூடினால்தான் கேப் என்ற துணைப் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து பாலிமரேஸை இழுத்துப் பிடிக்கும் என்பதையும் விடவில்லை. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லித்தர இங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள்?

சரி, குறைகள். மனித செல்லில் ஜீன் கட்டுப்பாடு எப்படி என்ற பகுதியை அவசரமாகத் தள்ளிவிட்டார். பல ஆயிரம் டிஎன்ஏ எழுத்து தள்ளி இருந்து ஜீனின் வேகத்தைக் கூட்டும் என்ஹான்சர், டிஎன்ஏ வளைவதால், பாலிமரேஸ் வந்து ஒட்டும் இடமான புரோமோட்டருக்குப் பக்கத்தில் வருவதையாவது ஒரு படம் போட்டுக் காட்டியிருக்கலாம். ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல், அதில் புரோமோட்டரும் ஆபரேட்டரும் இடம் மாறிக் கிடக்கின்றன, அதையே படித்துவிட்டுப் போகிற பிள்ளை என்ன ஆகும். இயற்பியலுக்கு வேறொருவர், போர்டில் எழுதுவதோடு சரி.

பணம் கட்டுவதற்கு முன் இந்த சாரே வாராவாரம் வருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் உயிரியலுக்கு மட்டும் கட்டியிருக்கிறோம்.